எவ்வளவு நோகுதெண்டு கேளுங்கோ

நோயாளிக்குத் துணையாக இரவில் நின்றவர்களுக்குத் தெரியும். விளக்கைக் குறைத்து, கடைசிச் சுற்று ஊசியும் முடிந்து, விடுதி அடங்கிய பிறகுதான் நோ எழும்பும். பகலில் ஆட்கள் வருவார்கள், சாப்பாடு வரும், பக்கத்துக் கட்டிலோடு கதை போகும். எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு மணி இரண்டு மணிக்கு, உடம்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். "மிஸ்ஸியைக் கூப்பிடட்டே அம்மா?" என்று மகள் கேட்டால், "வேண்டாம் பிள்ளை, அதுவும் பாவம், ஒராளா நிண்டு எத்தினை பேரைப் பாக்கிறது" என்று பதில் வரும்.

விடிந்து வைத்தியர்கள் சுற்றுக்கு வரும் நேரம், துணைக்கு நிற்பவர்களை வெளியே போகச் சொல்வார்கள். அந்த இரவைக் கண்ட ஒரே சாட்சி கேற்றுக்கு அங்கால் நிற்கும். உள்ளே, தலையை வாரி, சீலையைச் சரிசெய்து, நிமிர்ந்திருக்கும் அம்மாவிடம் "எப்பிடி அம்மா?" என்று கேட்பார்கள். "இப்ப பரவாயில்லை ஐயா" என்பார். பெரிய டொக்டருக்கு முன்னால் முறைப்பாடு சொல்லக் கூடாதென்று வளர்ந்த தலைமுறை அது. கட்டிலோடு இருக்கும் அட்டையில் காய்ச்சல் எத்தனை, நாடி எத்தனை, இரத்த அழுத்தம் எத்தனை, சிறுநீர் எவ்வளவு போனது என்பதெல்லாம் இருக்கும். இரவு முழுக்க நொந்தது அதில் இராது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. நகரில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. சிகிச்சை இலவசம். நோவைத் தணிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பழையவை, மலிவானவை. பிறகு ஏன் இத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள்? பல காரணங்கள் சொல்லலாம். முதற் காரணமாக நான் சொல்ல வருவது இது: நோவை யாரும் முறையாகக் கேட்பதில்லை. கேட்டாலும் எழுதுவதில்லை. எழுதி மருந்து கொடுத்தாலும், ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து "இப்ப குறைஞ்சிருக்கோ?" என்று பார்ப்பதில்லை. தனிப்பட்ட தாதியரையோ வைத்தியரையோ குற்றம் சொல்வதற்கில்லை. அவர்களில் பலர் மனிதாபிமானத்தின் எல்லை வரை போய் வேலை செய்கிறவர்கள். முறை அப்படி அமைந்திருக்கிறது. முறையை மாற்றலாம்.

கேட்பதும் ஒரு வைத்தியம்

நோவை அளக்கக் கருவி இல்லை. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் அது தெரியாது. உலக அளவில் நோவை ஆராயும் நிபுணர்களின் சங்கம் 1979 இல் அதற்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்து, 2020 இல் அதைத் திருத்தியது. அதன்படி நோ என்பது உடலும் உணர்வும் சேர்ந்த அனுபவம். ஒருவர் தனக்கு நோகிறது என்று சொன்னால் அந்தச் சொல் மதிக்கப்பட வேண்டும் என்று அதே சங்கம் எழுதி வைத்திருக்கிறது. நோவைக் கண்டறியும் முதல் ஆதாரம் நோயாளியின் வாய்தான்.

ஆகவே கேள்வி சரியாக இருக்க வேண்டும். "எப்பிடி இருக்கிறியள்?" என்பது சுகம் விசாரிப்பது. "ஒண்டுமே இல்லாட்டி பூச்சியம், இதுக்கு மேல தாங்கேலாது எண்டால் பத்து, இப்ப எத்தினை?" என்பது வைத்தியக் கேள்வி. எண் சொல்லத் தெரியாதவரிடம் "கொஞ்சமோ, நடுத்தரமோ, தாங்கேலாத அளவோ?" என்று கேட்கலாம். சிறுபிள்ளைக்குச் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த படத்தைக் காட்டலாம். மறதி நோயால் பேச்சிழந்த முதியவரின் புருவச் சுளிப்பையும், திருப்பிப் படுக்க வைக்கும்போது வரும் முனகலையும் பார்க்கலாம்.

எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எப்படிப்பட்ட நோ என்பவையும் இதோடு சேரும். எங்கள் ஆட்கள் இதை மிகத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள். "உளையுது" என்று சொல்லும் எலும்பு நோவுக்கும், "எரியுது, கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுது" என்று சொல்லும் நரம்பு நோவுக்கும் மருந்து வேறு. நீரிழிவுக்காரரின் பாதத்தில் இரவில் வரும் எரிவுக்குப் பனடோல் பெரிதாக உதவாது. அமிற்ரிப்டிலின், கபாபென்ரின் போன்ற நரம்பு நோ மருந்துகள் உதவக்கூடும். கேட்காமல் கொடுத்த குளிசை வேலை செய்யாமற் போக, "எனக்கு எந்த மருந்தும் பிடிக்காது" என்று நோயாளியே தீர்ப்பெழுதிக்கொள்கிறார்.

கேட்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பயங்கரமான ஓர் உதாரணம் உண்டு. பிறந்த குழந்தைகளுக்கு நோ உணர்வு முதிர்ந்திருக்காது என்ற நம்பிக்கையில், 1980கள் வரை மேலைநாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிற்கூடச் சிசுக்களுக்குப் போதிய மயக்க மருந்தோ நோ மருந்தோ இல்லாமல் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்து ஒக்ஸ்போர்ட் போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இளம் வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1987 இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகே அது மாறத் தொடங்கியது. பேசத் தெரியாதவருக்கு நோகாது என்று படித்தவர்கள் அத்தனை காலம் நம்பினார்கள். இன்று சிசுவுக்கு ஊசி போடும்போது தாயின் நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்தாலே அழுகை குறையும் என்று தெரியும். ஒரு சதமும் செலவில்லை. எங்கள் தடுப்பூசிக் கிளினிக்குகளில் இதை வழக்கமாக்கத் தடை எதுவும் இல்லை.

அமெரிக்காவின் அனுபவத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் அங்கே நோவை "ஐந்தாவது உயிர்க்குறி" என்று அறிவித்தார்கள். 2001 இல் ஆஸ்பத்திரிகளைத் தரப்படுத்தும் அமைப்பு அதைத் தன் விதிகளில் சேர்த்தது. 1996 இல் சந்தைக்கு வந்த ஒக்சிகொன்ரின் என்ற குளிசையைத் தயாரித்த கம்பனி அது பயமில்லாதது என்று பரப்பியது. எண்ணைக் குறைப்பதே இலக்காகி, முதுகு நோவுக்கும் பல்லுப் பிடுங்கியதற்கும் வீரியமான மருந்து அள்ளிக் கொடுக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் அதற்கு அடிமையாகிச் செத்தார்கள். 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்த ஐந்தாவது குறியைக் கைவிடச் சொன்னது. அதனால் நோவைக் கேட்பதே ஆபத்து என்று முடிவு கட்டுவது தவறு. எண்ணோடு நின்றதும், கேட்டு முடித்த கையோடு குளிசை ஒன்றையே நீட்டியதும், இலாபம் தேடிய கம்பனியின் பேச்சை நம்பியதும் அங்கே நடந்த பிழைகள். "ராத்திரி நித்திரை கொண்டியளோ? மலகூடத்துக்கு எழும்பி நடக்க முடிஞ்சுதோ? சாப்பிட்டியளோ?" என்பவையும் எண்ணோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியவை. எட்டு நாலாகக் குறைந்து அவர் எழுந்து நடந்தால் அது வெற்றி. பூச்சியமாக்கிப் படுக்கையோடு மயங்க வைப்பது வெற்றியில்லை.

எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறான ஆபத்தே பெரிது. வீரியமான மருந்து தேவைப்பட்டவருக்கு அது கிடைப்பதில்லை. தேவையில்லாதவர் பார்மசியில் சொல்லி வாங்கிய நோக் குளிசையை, பெயர் எழுதாத கடதாசி உறையில் இருந்து, மாதக்கணக்கில் விழுங்குகிறார். டைக்குளோபெனாக் வகைக் குளிசைகள் நீண்டநாள் எடுத்தால் குடலில் புண் வரலாம், சிறுநீரகம் பழுதாகலாம். ஏற்கெனவே நீரிழிவும் பிறஷரும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அது மோர்பினை விட ஆபத்தாகலாம் என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

தெல்லிப்பழை

2011 யூலையில், நாதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவவும் தொடக்கி வைத்த நிதி திரட்டும் நடைபயணம் தெய்வேந்திரமுனையில் புறப்பட்டு பருத்தித்துறையில் முடிந்தது. 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர். வழியெல்லாம் மக்கள் உண்டியலில் போட்ட காசும் நிறுவனங்கள் கொடுத்த பணமும் சேர்ந்து, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோடு ஒரு புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது. 2013 இல் அது திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் வடக்கில் இருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதென்பது புற்றுநோயாளிக்கு இன்னொரு நோய். போர்க்காலத்தில் பலர் அந்தப் பயணத்துக்கு வழியே இல்லாமற் செத்தார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில் தென்முனையில் இருந்து ஆட்கள் நடந்து வந்து வடக்கில் ஆஸ்பத்திரி கட்டித் தந்தார்கள் என்பதை நான் நன்றியோடே எழுதுகிறேன்.

புற்றுநோய்க் கட்டடம் எழுந்தால் புற்றுநோய் நோவும் தானாக அடங்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே அதை எளிமையாக எழுதி வெளியிட்டது. இலேசான நோவுக்குப் பரசிற்றமோல் வகை, கடுமையானதற்கு மோர்பின், கூடியவரை வாயால், ஆளுக்கேற்ற அளவில், நோ வந்த பிறகு காத்திருக்காமல் மணிக்கணக்குப்படி. சாதாரண மோர்பின் குளிசை நாலு மணித்தியாலம் தாக்குப் பிடிக்கும். ஆகவே நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். "நொந்தால் போடுங்கோ" என்று சொல்லி அனுப்பினால், நோ உச்சிக்கு ஏறிய பிறகே குளிசையைத் தேடுவார்கள். அது இறங்க நேரமெடுக்கும், அளவும் கூடத் தேவைப்படும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு எட்டு கிரே அளவில் ஒரே ஒரு தடவை கதிர்ச்சிகிச்சை கொடுத்தாலே பத்தில் ஆறு பேருக்கு நோ கணிசமாகக் குறைகிறது. தள்ளாத ஒருவரை வாரக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை.

வடமராட்சியில் என் பெரியம்மா கடைசி மாதங்களில் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்த மோர்பின் குளிசைகளை அண்ணா மாலிபன் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு, அலுமாரியின் மேற்தட்டில் வைத்திருந்தார். நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. வீட்டில் கொடுத்தது இரவில் ஒன்று, அதுவும் அழுதால் மட்டும். "பழகிப்போடுமெல்லே? கடைசியில தாங்கேலாமல் வரேக்க கொடுக்க மருந்து வேணுமெல்லே?" என்பது அண்ணாவின் நியாயம். அவர் அன்பில்லாதவரில்லை. பெரியம்மாவின் புண்ணைக் கழுவித் துடைத்து மருந்து கட்டியவர் அவர்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்த ஒரு தாதி ரின்னைத் திறந்து குளிசைகளை எண்ணிப் பார்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. சாப்பாட்டு மேசையில் அண்ணாவைப் பக்கத்தில் இருத்தி, கலண்டர்த் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் காலை ஆறு, பத்து, பின்னேரம் இரண்டு, ஆறு, இரவு பத்து என்று கோடு போட்டார். இரவு பத்துக்கு இரண்டு குளிசை, அப்போதுதான் விடியும்வரை நித்திரை வரும் என்றார். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் பெரியம்மா சொல்லும் எண்ணை எழுதச் சொன்னார். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தை முதல்நாளிலேயே தொடங்க வேண்டும் என்றார். இரண்டு மூன்று நாள் நித்திரைத் தூக்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம், பிறகு தெளியும் என்றார். அப்படியே தெளிந்தது. பெரியம்மா திண்ணையில் வந்திருந்து கீரை ஆய்ந்தார்.

அண்ணாவின் பயம் எங்கள் எல்லோருடைய பயமும். மோர்பின் என்றால் முடிவு என்று நினைக்கிறோம். மருந்தால் சாவு விரைந்து வரும் என்கிறோம். சரியான அளவில் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. நோய் வளர்ந்தால் அளவைக் கூட்டலாம், அதற்கு மருத்துவ ரீதியாக உச்சவரம்பு கிடையாது. ஆகவே "கடைசிக்கு" என்று சேமித்து வைக்கவும் தேவையில்லை. புற்றுநோய் நோவுக்கு வைத்தியக் கண்காணிப்பில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1,723 நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே வாய்வழி மோர்பின் கொடுத்து, அது தவறான கைக்குப் போகிறதா என்று பார்த்து, 2001 இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார்கள். ஒரு சம்பவம் கூட அகப்படவில்லை.

சட்டத்தின் நிழலும் உண்டு. இலங்கையில் அபின் வகை மருந்துகளை ஆள்வது 1929 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. போதைப்பொருள் எங்கள் இளையவர்களைப் பிடித்து ஆட்டும் காலத்தில் அதை யார் மறுப்பார்? ஆனால் ஐஸ் விற்பவனைப் பிடிக்கும் பயமும், முள்ளந்தண்டில் புற்றுநோய் பரவிய மூதாட்டிக்குக் குளிசை எழுதும் வைத்தியரின் பயமும் ஒன்றாகிவிடக் கூடாது. 2017 இல் 'லான்செற்' ஆணைக்குழு உலகக் கணக்கை எடுத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 தொன் மோர்பின் அளவிலான மருந்து உலகத்துக்குப் பகிரப்படுகிறது. அதில் மிக வறிய நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 தொன். உலகின் இடைவெளி முழுவதையும் நிரப்ப, நியாய விலையில் வாங்கினால், ஆண்டுக்கு 145 மில்லியன் டொலர் போதும் என்றார்கள். உலகத்துக்கு அது பெரிய காசேயில்லை.

முறிவும் எண்ணெயும்

நோவென்றால் எங்கள் ஆட்கள் முதலில் போவது முறிவு தெறிவு வைத்தியரிடமும் சித்த வைத்தியரிடமும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரராசசேகரம், செகராசசேகரம் என்று அரசர் காலத்து வைத்திய நூல்களை வைத்திருக்கும் மண் இது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இயங்குகிறது. தசைப்பிடிப்புக்கும் மூட்டு உளைவுக்கும் சூட்டு ஒத்தணமும் எண்ணெயும் பிடித்துவிடுதலும் தரும் சுகம் உண்மையானது. எனக்கு உள்ள கவலை ஒன்றே. நாரிப்பிடிப்பு என்று மாதக்கணக்கில் எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்ட பிறகு, எலும்புக்குப் பரவிய புற்றுநோய் என்று தெரியவரும் கதைகளை ஊரில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். படுத்தாலும் ஆறாமல் இரவில் கூடும் நாரி நோ, காரணமில்லாமல் குறையும் நிறை, முன்னர் வந்த புற்றுநோய், கால் விறைப்பு அல்லது பலவீனம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலில் பலம் குறையத் தொடங்கிவிட்டால் நாட்களை அல்ல, மணித்தியாலங்களை எண்ண வேண்டும். தாமதித்தால் திரும்ப நடக்க முடியாமற் போகலாம்.

போர் விட்டுப்போன நோ

குடாநாட்டில் நோவைப் பற்றிப் பேசிவிட்டுப் போரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1990 இற்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் மருந்தின் அருமையை இந்த மக்கள் அறிந்தார்கள். 2009 இல் வன்னியில் தற்காலிக ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்துக்கு இருந்த தட்டுப்பாட்டை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் பதிவுசெய்தது. அங்கே கை கால் இழந்து உயிர் மீண்டவர்கள் இன்று எங்கள் அயலவர்கள்.

1987 முதல் இயங்கும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் செய்து கொடுத்து ஆயிரக்கணக்கானோரை நடக்க வைத்தது. கால் கிடைத்த பிறகும், வெட்டி எடுக்கப்பட்ட அந்தக் காலே நோவதாகச் சிலர் சொல்வார்கள். இல்லாத பெருவிரல் மடங்கி இறுகி நோகும், இல்லாத பாதம் எரியும். வீட்டில் சொன்னால் மூளை பிசகிவிட்டது என்பார்களோ என்று ஒளிப்பவர்கள் உண்டு. அது நன்கு அறியப்பட்ட நோ. நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்குவது. சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிபோர்னியாவில் அதற்கொரு எளிய வழி கண்டார். நடுவே நிமிர்த்தி வைத்த கண்ணாடியில் மிஞ்சியிருக்கும் காலைப் பார்த்து அசைத்தால், போன கால் அசைவதாக மூளை காண்கிறது. சிலருக்கு அந்த இறுக்கம் இளகுகிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் கண்ணாடி எந்தக் கடையிலும் கிடைக்கும். இயன்மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும், அவ்வளவுதான். நரம்பு நோ மருந்துகளும் உண்டு. போர் முடிந்து இத்தனை ஆண்டு கழிந்த பிறகும், கால் கழற்றிய ஒருவரிடம் "இல்லாத கால் நோகுதோ?" என்று கேட்பது ஒவ்வொரு கிளினிக்கிலும் வழக்கமாக வேண்டும்.

உடம்பில் காயமே இல்லாமல் நோகிறவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சு நோ, தலையிடி, உடம்பெல்லாம் உளைவு என்று கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவார்கள். பரிசோதனைகளில் ஒன்றும் இராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், இழப்பும் அச்சமும் இங்கே உடல்நோவாக வெளிப்படுவதை நீண்டகாலம் எழுதியும் கற்பித்தும் வந்தவர். அவரது ஆங்கில நூல் 1998 இல் வந்தது. பிள்ளையைத் தேடி அலையும் தாய்க்கு நெஞ்சு நோகிறது என்றால், ஈசிஜி சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவது பதிலாகாது. இலண்டனில் 1967 இல் சென் கிறிஸ்ரோபர் நோயாளர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், கடவுள் பற்றிய கேள்வி எல்லாம் சேர்ந்ததே முழு நோ என்று வைத்தியர்களுக்குப் படிப்பித்தார். தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு வைத்தியரானவர் அவர். அதனால்தான் அது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மருந்து வீட்டுக்கு வரவேண்டும்

நெடுந்தீவில் ஒருவர் கடைசி நாட்களில் கிடக்கிறார் என்று வையுங்கள். குறிகட்டுவானுக்குப் படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், மாறித் தெல்லிப்பழை. எழும்ப முடியாதவரைக் கிளினிக் திகதிக்குப் படகில் ஏற்றுவதா, மகன் வேலையை விட்டுவிட்டுக் கிளினிக் கொப்பியோடு போய் வரிசையில் நிற்பதா? தீவுப்பகுதியில் மட்டும் இந்த நிலையென்று எண்ண வேண்டாம். வடமராட்சி கிழக்கிலும் இதுதான்.

இதற்கு வழி காட்டியவர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறார்கள். இந்தியாவில் 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மோர்பின் பாவனை பாதாளத்துக்கு விழுந்தது. மருந்தை வைத்திருக்கவே ஆஸ்பத்திரிகள் பயந்தன. 1993 இல் மயக்க மருந்து நிபுணர் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு கிளினிக் தொடங்கினார்கள். அது ஊர்களுக்குப் பரவியது. அயல்வீட்டார், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, தாதியோடு வீடு வீடாகப் போனார்கள். 2008 இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்று, உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் விட்டது. 2014 இல் இந்தியச் சட்டமும் திருந்தியது. கேரளம் பணக்கார இடமில்லை. ஊர் ஒன்றுகூடியது, அரசு பின்னால் வந்தது.

எங்களிடம் அதைவிடப் பழைய வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதில் இருந்து, மருத்துவமாது சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். தாயும் சேயும் சாவதை இந்த நாடு குறைத்தது பெரிதும் அந்த நடையாலும் சில்லாலும்தான். தெற்காசியா வியந்த சாதனை அது. பிறப்புக்கு வீடு வரை போன ஒரு சுகாதார சேவை, இறப்புக்கு முந்திய மாதங்களிலும் வீடு வரை போகலாம். பொதுச் சுகாதாரத் தாதியர் என்ற பதவியும் இருக்கிறது. 2014 இல் உலக சுகாதார மாநாடு ஆதரவுச் சிகிச்சையை எல்லா நாடுகளும் பொதுச் சுகாதாரத்தோடு சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தச் சிகிச்சைக்கென இலங்கைச் சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரைக்கான தேசிய மூலோபாயச் சட்டகத்தை வெளியிட்டது. அந்த ஐந்து ஆண்டுகளைத் தொற்றுநோயும் பொருளாதார நெருக்கடியும் விழுங்கின. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் வழக்கமான சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைத்தது. அந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. அதற்காகச் சட்டகம் அலுமாரியில் கிடக்க வேண்டியதில்லை.

மருத்துவத்தில் முன்னே நடக்கும் ஊராக யாழ்ப்பாணம் முன்பும் இருந்திருக்கிறது. 1846 ஒக்டோபரில் பொஸ்டனில் ஈதர் கொடுத்து நோவில்லாமற் செய்த சத்திரசிகிச்சை உலகையே புரட்டியது. அதே மசாசூசெற்ஸ் மாநிலத்தில் இருந்து மிசனறி வைத்தியர் சாமுவேல் கிறீன் அடுத்த ஆண்டே இங்கு வந்தார். மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கினார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார், இரண வைத்தியத்தைத் தமிழில் அச்சேற்றினார். நோயாளி பேசும் மொழியில் வைத்தியர் பேச வேண்டும் என்று அவர் அன்றே கண்டது, நோவைக் கேட்கும் வேலைக்கு இன்று அப்படியே பொருந்தும். யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது. அங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு மாணவரும் மோர்பினைத் தொடங்கவும், கூட்டவும், அதன் பக்கவிளைவுகளைப் பார்க்கவும், ஒரு குடும்பத்துக்கு அதை விளங்கப்படுத்தவும் செய்முறையாகக் கற்று வெளியே வர வேண்டும்.

விடுதிகளிலோ நாளைக்கே தொடங்கலாம். அட்டையில் இரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் நோவுக்கு ஒரு கட்டம். சத்திரசிகிச்சை முடிந்தவரிடம் படுத்திருக்கையில் மட்டுமல்ல, இருமும்போதும் திரும்பும்போதும் எத்தனை என்று கேட்பது. எண் நாலைத் தாண்டினால் இரவுத் தாதி வைத்தியரை எழுப்பாமலே கொடுக்கக்கூடிய மருந்தை வைத்தியர் மாலையிலேயே எழுதி வைப்பது. கொடுத்து ஒரு மணித்தியாலத்தில் மறுபடி கேட்டு எழுதுவது. புண்ணைக் கழுவ முன்னர் மருந்து கொடுத்து அது வேலை செய்யும்வரை பொறுப்பது. பிரசவ அறையில் கத்துகிற பெண்ணை ஏசுவதை நிறுத்தி, அவளுக்கு விருப்பமான ஒரு துணையைப் பக்கத்தில் நிற்க விட்டு, வேண்டுமென்று கேட்டால் நோ மருந்தும் கொடுப்பது. இரவு ஒராள் நாற்பது பேரைப் பார்க்க விட்டுவிட்டு இதையெல்லாம் கேட்க முடியாது என்பதையும் நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். தாதியரின் எண்ணிக்கையும் நோ வைத்தியத்தின் ஒரு பகுதிதான். சுற்று நேரத்தில், இரவு துணைக்கு நின்றவரை இரண்டு நிமிடம் உள்ளே விடலாம்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளில் குடும்பமும் சில விடயங்களைக் கேட்காமல் வெளியே வரக் கூடாது. எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, அடுத்த வேளைக்கு முன்னர் நோ வந்தால் மேலதிகமாக எவ்வளவு கொடுக்கலாம், மலச்சிக்கலுக்கு எது, எதைக் கண்டால் உடனே கொண்டுவர வேண்டும், முடிந்துபோனால் கிட்டடியில் எந்த ஆஸ்பத்திரியில் எடுக்கலாம், மிஞ்சினால் எங்கே திருப்பிக் கொடுப்பது என்பதையெல்லாம் கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி எடுத்தால் பதில் சொல்லக்கூடிய ஓர் இலக்கத்தையும் கேளுங்கள். அப்படி ஓர் இலக்கம் இல்லை என்றார்களானால், மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுத வேண்டிய முதற் கடிதம் அதைப் பற்றியது.